ஆயில் விற்க மறுக்கும் சாம்பல் அண்ணன்

மதுரையில் இன்ஜின் ஆயில் விற்கும் கடைகள் நிறைய உண்டு. வந்தவரை ஆயில் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட கடை ஒன்றுதான். தல்லாகுளத்தில் அதை நடத்துபவரைச் சாம்பல் அண்ணன் என்பார்கள். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருக்கிறது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஒருமுறை சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றிவந்தவர் என் கண் முன்னால் வண்டியை நிறுத்தி, "அண்ணே, இருக்கதுலயே நல்ல ஆயிலாக் குடுங்க" என்றார்.

"நல்ல ஆயிலுன்னு ஒண்ணு கிடையாது மாப்ள. ஒன் வண்டிக்கு உள்ள ஆயிலுன்னு ஒண்ணு இருக்கு. வண்டியோட புக்கு எங்க?"

"வீட்டுல கெடக்கு."

"போயி எடுத்துட்டு வா."

"சோழவந்தானுக்கா? ஏண்ணே, நான் என்ன பொண்ணு கேட்டா வந்திருக்கேன், ஜாதகம் கேக்குறீக?"

"ஜாதகம் பொய் சொல்லும். புக்கு சொல்லாது."

மறுநாள் அவர் புத்தகத்தோடு வந்தார். அண்ணன் பக்கம் புரட்டிப் படித்துவிட்டு, ஃபில்டர் இல்லாத பழைய வண்டி என்று கண்டு, கடையிலேயே விலை குறைந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தார்.

பெயர் வந்த காரணம் இது. புதிய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் உண்டு. அது கரியைப் பிடித்து வைத்து, நன்றாகச் சூடானதும் எரித்துவிடும். ஆயிலில் இருந்து வரும் சாம்பலை மட்டும் எரிக்க முடியாது. அது சேர்ந்து சேர்ந்து ஃபில்டரை அடைத்துவிடும். ஆகவே அந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். இதை விளக்க அண்ணன் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவார். கடை முழுக்க ஆயில் என்பதால் சாலையோரம் போய்க் கொளுத்துவார். அது எரிந்து முடியும்வரை வாடிக்கையாளரும் கூடவே நிற்க வேண்டும். ஒரு சுருள் எத்தனை மணி நேரம் எரியும் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

"இந்தச் சாம்பல மறுபடி எரிச்சுக் காட்டு பாப்போம். காட்டிட்டா ஆயில் இனாம்."

இதுவரை யாரும் இனாமாக வாங்கியதில்லை.

என் மனைவி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உள்ள மிஷன் பள்ளியில் ஆசிரியை. முழங்கால் அறுவைக்குப் பிறகு அவளால் பஸ் படி ஏற முடியாது, ஆட்டோவில் குனிந்து ஏறவும் முடியாது. அவளுக்காகவே இருக்கை உயரமான டீசல் கார் வாங்கினேன். தினமும் அவளே ஓட்டிப் போவாள். ஒரு வெள்ளிக்கிழமை காரின் டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஃபில்டர் அடைச்சிருச்சு சார். அறுத்து எறிஞ்சிருவோம், இல்லாட்டி வண்டிய வித்திருங்க. அதுவரைக்கும் கெட்டி ஆயில் ஊத்தி ஓட்டுங்க. நம்ம வெயிலுக்கு அதான் தாங்கும்" என்றார். மனைவி விருப்ப ஓய்வு விண்ணப்பத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, காரிலேயே அண்ணன் கடைக்குப் போய் மெக்கானிக் சொன்னபடி கெட்டியான டிராக்டர் ஆயில் கேட்டேன். அவர் புத்தகம் கேட்டார். பெருமையோடு நீட்டினேன். நான்கு வருடமாக அழுக்குப் படாமல், வந்த பிளாஸ்டிக் உறையிலேயே இருந்தது.

"என்ன சார், வேதப் புத்தகத்தையே தெனம் பிரிச்சுப் படிக்கிறீக. இத முத்திரை போட்டு வச்சிருக்கீக?"

எனக்குச் சுருக்கென்றது. கடைசியாக ஆயில் மாற்றியதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஆயில் மட்டத்தைக் குச்சியில் பார்த்துக் குறித்துவைத்த டைரியை எடுத்துக் காட்டினேன். "நானா வண்டியக் கவனிக்கல? பாருங்கண்ணே, ஆயிலே குடிக்காத வண்டி. மட்டம் கூடிக்கிட்டேல்ல வருது!"

அண்ணன் டைரியை இரண்டு கையாலும் வாங்கினார். என் டைரிக்கு அதுவரை அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. இருபத்துமூன்று சனிக்கிழமைகளையும் ஒன்றுவிடாமல் படித்தார்.

"ஏன் சார், ஊத்தாமலே கூடுறதுக்கு இது என்ன ஆயில் கெணறா?"

தினம் எவ்வளவு தூரம், யார் ஓட்டுவது என்று விசாரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். ஃபில்டர் கரியை எரிக்க, வண்டி கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீய்ச்சும். எரிந்து முடிவதற்குள் பள்ளி வந்துவிடும், மனைவி வண்டியை அணைத்துவிடுவாள். மிஞ்சிய டீசல் ஆயிலில் இறங்கி மட்டத்தை ஏற்றியிருந்தது.

உறையைப் பல்லால் கிழித்து, விளக்கைப் பற்றிய பக்கத்தில் விரல் வைத்தார். "சீரான வேகத்துல ஓட்டுன்னு போட்டிருக்கு. அறுக்கச் சொல்லி எங்கயும் போடலையே, நானும் தேடுறேன்." ஆயிலைப் பற்றிய பக்கத்தில் சொல்லியிருந்த சாம்பல் குறைந்த ரக டப்பாவை இறக்கினார். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பழையதை வடித்துப் புதியதை ஊற்ற வைத்தார். பட்டப்பகலில் கடை ஷட்டரை இழுத்துவிட்டுப் பின் இருக்கையில் ஏறினார்.

"தெனமும் டீச்சர்தான ஓட்டுறாக? அவுகளே ஓட்டட்டும்."

வீட்டில் மனைவியை ஏற்றிக்கொண்டு மேலூர் நால்வழிச் சாலையில் ஏறினோம்.

"கால எடுக்காதீக டீச்சர்! அப்படியே! அப்படியே!"

நான் டீக்கு நிறுத்தலாமா என்று கேட்டுவிட்டேன். "இம்புட்டுச் சூடு ஏத்துனது டீ போடவா சார்?" என்றார்.

மேலூர் நெருங்கும்போது விளக்கு அணைந்தது. மனைவி சத்தமாகச் சிரித்தாள். அறுவைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"அடுத்த வண்டி பெட்ரோலா வாங்குங்க. இதுக்கு வாரம் ஒருவாட்டி மேலூரக் காட்டுங்க" என்றார்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போனாள். விண்ணப்பத் தாளின் பின்பக்கம் மளிகைப் பட்டியல் எழுதியிருந்தாள்.

இப்போது ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து மேலூர் வரை போய்வருகிறோம். கடைக்கு விடுமுறை என்பதால் அண்ணனும் பின் இருக்கையில் வருவார். போகும்போதும் வரும்போதும் சாம்பலைப் பற்றியே பேசுவார். காரில் பாட்டுக் கேட்கும் வசதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாங்கள் அதைப் போடுவதில்லை.