உயிர்ச்சான்று இல்லாத நட்சத்திரம்

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. பெரிய கண்ணை வைத்துக்கொண்டு வானம் பார்ப்பதே அதற்கு வேலை. தனக்குப் பிடித்த நட்சத்திரத்தை அது கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புதன்கிழமை. வியாழக்கிழமை, பக்கத்திலிருந்த கருந்துளை அதைப் பிய்த்து விழுங்க ஆரம்பித்துவிட்டது.

விழுங்கப்படும்போது நட்சத்திரம் கொதித்து எக்ஸ் கதிரைக் கக்கும். பத்து நாளில் அதுவும் அடங்கிவிடும். அந்தக் கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது என்பதால், காட்டரசு ஒரு தொலைநோக்கியை விண்வெளியில் சுற்றவிட்டிருந்தது. அதைத் திருப்ப வேண்டுமானால் புற்றடி அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

தேவாங்கு பகலில் கண் கூசக் கூச வரிசையில் நின்றது. எட்டாம் நாள்தான் முறை வந்தது. மேசையில் உடும்பு.

"நட்சத்திரத்தோட உயிர்ச்சான்று எங்கே?"

"அது செத்துக்கிட்டு இருக்குண்ணே. அதான் அவசரம்."

"இருக்கா, செத்துடுச்சா? ஒண்ணைச் சொல்லு."

தேவாங்குக்குப் பொய் வராது. "அங்கேயிருந்து வெளிச்சம் வந்து சேரவே பல லட்சம் வருஷம் ஆகும். கணக்குப்படி அது செத்து ரொம்ப நாளாச்சு."

"புதன்கிழமை உயிரோட பார்த்தேன்னு எழுதியிருக்கே?" உடும்பு மனுவைத் தள்ளியது. "போய் வாரிசுச் சான்று கொண்டா."

பின்னால் நின்ற காட்டுப்பன்றி உறுமியது. "சீக்கிரம் முடிங்கப்பா. மரவள்ளி எங்கே விளைஞ்சிருக்குன்னு மேலேயிருந்து பார்க்கச் சொல்லி நானும் மனு கொடுக்கணும்."

தேவாங்கு யோசித்தது. "வாரிசு கருந்துளைதாண்ணே. இருந்தது எல்லாம் அதுகிட்டதான் போயிருக்கு."

"அப்ப அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."

"படிவம் உள்ளே போனா வெளியே வராதுண்ணே. அது எதை வாங்கினாலும் திருப்பித் தராது. கேட்டா பதில் வராது. உள்ளே என்ன நடக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

உடும்பு எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் போட்டது.

"தலைமை அலுவலகம்னு முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

அன்று மாலையே தொலைநோக்கி கருந்துளைப் பக்கம் திரும்பியது. மரவள்ளி மனு தள்ளிவைக்கப்பட்டது.

பத்தாம் நாள் படம் வந்தது. 'தலைமை அலுவலகம்' என்று கீழே எழுதி உடும்பு அதைச் சுவரில் மாட்டி, மாலையும் போட்டது. படத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கிறது. நட்சத்திரத்தில் மிச்சம் அவ்வளவுதான்.

நீதி: செத்தவர் பெயரில் மனு கொடுக்காதீர்கள், விழுங்கியவர் பெயரில் கொடுங்கள்.