காதுள்ள விளக்கு

யாரும் கைதட்டவில்லை. விளக்கு எரிந்தது.

ரசத்துக்காகத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த வன்னியபெருமாள் அண்ணாந்து பார்த்தான். விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது.

"ஏட்டி, நீ தட்டினியா?"

"எனக்கென்ன மூணு கையா இருக்கு? ஒண்ணுல சட்டி, ஒண்ணுல அகப்பை," என்றாள் மனைவி மாடம்மாள்.

வெளியே 'படார்' என்றது. விளக்கு அணைந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வீடு இருப்பது பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்சந்தில். விடிந்ததிலிருந்து அங்கே யாராவது தேங்காய் உடைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒன்பது வருஷமாகக் குடியிருப்பவன் காதில் அது விழுவதில்லை. விளக்குக்கு அவன் செய்த மெஷின் நேற்றுத்தான் மாட்டியது. அதற்கு விழுந்தது.

வன்னியபெருமாளுக்கு ஆரியசாலையில் வத்தல் மிளகாய் மண்டியில் மூட்டை கட்டும் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் காரம் போகாது. அவன் தொட்ட சுவிட்சை மாடம்மாள் தொடுவாள். பிறகு கண்ணைக் கசக்குவாள். பிறகு அலறுவாள். அவளுக்காகத்தான், தபாலில் ரேடியோ ரிப்பேர் படித்த தைரியத்தில், கைதட்டினால் எரிகிற இந்த மெஷினைத் தானே செய்தான். பழைய சுவிட்சுகளைப் பிடுங்கி இரும்புக்காரனிடம் போட்டும்விட்டான். பிடுங்குமுன் எவன் யோசிக்கிறான்?

"சேர்ந்தாப்ல ரெண்டு தட்டு கேட்டாத்தான் எரியும்படி பண்ணிடுதேன். நீ கவலைப்படாத."

பண்ணினான். மறுநாள் பகல் முழுக்க மெஷின் சொன்னபடி கேட்டது. சாயங்காலம் ஆறரைக்கு, மாடம்மாள் கோவிலுக்குப் போயிருந்த நேரம், படார் படார் படாரென்று மூன்று. விளக்கும் புதிதாகக் கோத்த ஃபேனும் ஒன்றாகக் கிளம்பின. தரையில் காயப்போட்டிருந்த அரிசி மாவு சுவரில் போய் ஒட்டியது.

நெற்றியில் சந்தனத்தோடு திரும்பியவள் சுவரைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"இன்னைக்கும் சரியாகலையா?"

"நாளைக்குப் பாரு. நாலு தட்டு."

நாலு வைத்தான். அதோடு விட்டானா? மிக்ஸி பட்டனிலும் காரம் ஒட்டுகிறதென்று அதையும் மெஷினில் கோத்தான். ஆகாத வேலை. மறுநாள் சாயங்காலம் மாடம்மாள் மிக்ஸியில் வத்தல் மிளகாயைப் போட்டவள், நேரமாகிவிட்டதென்று மூடாமலே கோவிலுக்கு ஓடினாள்.

படார். படார். படார். படார். படார்.

வீடே சிவந்தது. வன்னியபெருமாள் தவழ்ந்துதான் வெளியே வந்தான். மாடியில் சந்தியாவந்தனம் செய்துகொண்டிருந்த வீட்டுச் சொந்தக்காரர் சேஷன், தும்மிக்கொண்டே கண்ணில் நீர் வடிய இறங்கி வந்தார்.

"ஓய், நாளைக்கு ஒரு தரம் உம்ம மெஷின் தானா ஓடித்துன்னா, நாளன்னிக்கு சாவியைக் குடுத்துட்டுப் போயிண்டே இரும்!"

"சாமி, இந்த வாடகைக்கு வேற எங்க போவேன்?"

"அதை உம்ம மெஷினண்ட கேளும்."

மெஷினைக் கழற்றினால் இருட்டில் கிடக்க வேண்டும், சுவிட்சு இல்லை. மண்டியில் எல்லோரிடமும் பெருமையடித்தும் ஆயிற்று. மெஷினைப் பத்துத் தட்டுக்கு மாற்றினான். விளக்குப் போடப் பத்து முறை தட்டும்போது அவனுக்கே அழுகை வந்தது. அதைப் பார்த்த மாடம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்கட்டி போறே?"

"இந்தா வந்துட்டேன்."

காலையில் வேலைக்குப் போகிற வழியில், கோவில் வாசலில் புதிதாகத் தேங்காய்க் கடை போட்டிருந்த வேலாயுதனிடம் போய் நின்றான்.

"தம்பி, தினம் ஆறரைக்குக் கூட்டிக் கூட்டி உடைக்கிறானே, எவன் அவன்? அவன் கால்ல விழுதேன். இன்னைக்கு ஒருநாள் வேண்டாம்னு சொல்லுப்பா. என் குடித்தனமே போயிரும்."

வேலாயுதன் தேங்காய் மூட்டையை அவிழ்ப்பதை நிறுத்தவில்லை.

"அவனில்ல அண்ணாச்சி, ஒரு சேச்சியாக்கும். வீட்டுக்காரர் கைதட்டினா எரியுற லைட்டு செஞ்சிருக்காராம், அது சரியாகணும்னு நேர்ச்சை. சரியாகாத ஒவ்வொரு நாளும் கூட்டிட்டே போறாங்க, பாவம், இன்னைக்கு நூத்தியொண்ணு!"