மயில் தட்டு

"வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கற வழக்கம் நம்ம வீட்ல கிடையாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போஸ்ட்மாஸ்டர் இனிப்பு டப்பாவைத் திறந்தார்.

திறந்திருக்கக் கூடாது. சம்பந்தி வீட்டாரை அழைத்து வர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போதே மனைவி சொல்லிவிட்டுத்தான் போனாள்: "இது சம்பந்தியம்மாவுக்கு. இதுல கை வச்சீங்க, தீபாவளின்னுகூடப் பார்க்க மாட்டேன்!" மகளின் மாமியார் பண்டிகைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

ஆனால் அதே மாடியில் எதிர்வீட்டில் இருக்கும் பல் டாக்டரின் மகள் ஒரு தட்டு இனிப்பைக் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாளே! விளிம்பில் மயில் பொறித்த எவர்சில்வர் தட்டு. சர்வீஸ் முழுக்க ஒரு கடிதத்தைக்கூடத் தேங்க விடாதவர் போஸ்ட்மாஸ்டர். தட்டு எம்மாத்திரம்? வந்ததை வேறு பாத்திரத்தில் கொட்டி, டப்பாவிலிருந்து நாலு எடுத்து வைத்து, சுடச்சுடக் கொடுத்துவிட்டு வந்தார்.

சட்டை மாற்றுவதற்குள் வாசல் மணி அடித்தது. அதே தட்டு. இப்போது இரண்டு மடங்கு இனிப்பு.

"அட, நம்மகிட்டயேவா?" வீம்பு வந்துவிட்டது. இவர் குவித்து அனுப்பினார். அவர்கள் கோபுரமாக்கித் திருப்பி அனுப்பினார்கள். இவர் அதன் தலையிலேயே டப்பாவைக் கவிழ்த்து, தானே எடுத்துப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும் சார்! பல் டாக்டர் எனக்கே பல் ஆடுது. உங்க தட்டை நீங்களே வச்சுக்குங்க."

"என் தட்டா? இது உங்க தட்டுங்க!"

"காலையில உங்க வீட்டம்மாதானே இதுல வச்சுக் கொடுத்தாங்க?"

"சான்ஸே இல்ல. எங்க வீட்டுத் தட்டு ஒவ்வொண்ணுலயும் என் பேர் வெட்டியிருக்கும். பாருங்க!" தட்டைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். பேர் இல்லை. இனிப்பு உருண்டை ஒன்று நழுவி, படிப்படியாகக் குதித்து, மாடியேறி வந்துகொண்டிருந்த சம்பந்தியம்மாள் காலடியில் போய் நின்றது.

பின்னால் வந்த மனைவியின் பார்வை நேரே திறந்த கதவு வழியாகக் காலி டப்பாவுக்குப் போனது. ஆனாலும் அசருகிற ஆளா போஸ்ட்மாஸ்டர்?

"வாங்க சம்பந்தியம்மா, வாங்க! உங்களுக்காகத்தான் தட்டோட காத்துக்கிட்டு நிக்கறேன். எடுத்துக்குங்க. நம்ம வீட்டுக்கு வந்த தட்டு ஒருநாளும் வெறுமையாத் திரும்பினதில்ல. வேணும்னா டாக்டரையே கேளுங்க!"

சம்பந்தியம்மாள் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். விளிம்பிலிருந்த மயிலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"வெறுமையாத் திரும்பினதில்லைங்கறது வாஸ்தவம்தான் சம்பந்தி. போன தீபாவளிக்கு நாங்க இனிப்பு வச்சு அனுப்பின இந்தத் தட்டு, இன்னிவரைக்கும் திரும்பவே இல்லியே!"