கச்சான் காற்றில் போன கூரை

மொட்டைமாடியில் காயும் ஈரப் போர்வை காற்றில் 'படார் படார்' என்று அடித்தால், இன்றும் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொள்வேன். உலகத்தில் அவரவர் குடையைத் தொலைப்பார்கள், செருப்பைத் தொலைப்பார்கள். நான் தொலைத்தது ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையை. அதுவும் கல்வித்துறை ஆய்வாளர் அதன் கீழே உட்கார்ந்திருந்தபோதே.

எழுபதுகளின் நடுவில், தருவைகுளத்துக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமம். அங்கே பள்ளிக்கூடம் கட்ட ஊரே இறங்கியிருந்தது. கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த கையோடு, பெண்கள் கல் சுமக்க, ஆண்கள் சுவர் எழுப்பினார்கள். கூரைக்கு ஓடு தருவதாகச் சொன்ன காயல்பட்டணத்து வியாபாரி, சொன்னபடியே தோணியில் ஏற்றியும் விட்டார். தோணி வரவில்லை. ஆய்வாளர் வரும் நாள் வந்துவிட்டது. கூரை இல்லாவிட்டால் அனுமதி இல்லை. அனுமதி இல்லாவிட்டால் ஊருக்குப் பள்ளி இல்லை, வாத்தியார் வேலைக்குக் காத்திருந்த எனக்கு வேலையும் இல்லை.

"எங்க வள்ளத்துப் பாயைக் கட்டுவோம்" என்றார் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த சூசை அண்ணாச்சி. மூங்கில் போட்டு, அந்தப் பாய்மரச் சீலையை விரித்து, கடலில் கட்டுகிற மாதிரியே கட்டினார்கள். அதாவது, பெருங்காற்று வந்தால் ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி. எனக்கு அது தெரியாது (நான் பி.ஏ. படித்தவன்).

ஆனி மாதம். மேற்கேயிருந்து புழுதியை வாரிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடும் கச்சான் காற்று. ஆய்வாளர் நல்ல ஆகிருதி, நாற்காலி முனகியது. மூன்று நாள் மனப்பாடம் செய்த வரவேற்புரையை ஆரம்பித்தேன். "இப்பள்ளி, அறியாமைக் கடலைக் கடக்கும் மரக்கலம்!" அப்போது அவர் மூக்குக்கு நேரே ஒரு கயிற்று நுனி ஆடிக்கொண்டிருந்தது. அழகாக இல்லையே என்று, பேச்சை நிறுத்தாமலே, இழுத்துவிட்டேன்.

"ஏ வாத்தியாரே, அதத் தொடாதிய!" என்று பாய்ந்து வந்தார் அண்ணாச்சி.

மேற்கு மூலை அவிழ்ந்தது. பாய்க்குள் காற்று புகுந்து, அது கர்ப்பிணியைப் போல உப்பியது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் நடுக்கடல் ஞாபகம் வந்துவிட்டது.

"பாரம் ஏத்துங்கலே! மேக்கால தொங்குங்க!" என்று கத்தினார் அண்ணாச்சி. ஆளுக்கொரு கயிற்றில் தொங்கினார்கள். "ஐயா, நீங்கதான் நல்ல கனமா இருக்கிய, இதப் பிடிங்க!"

பாவம், அந்தப் பெரிய மனிதர் கோப்பைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். செருப்பு இரண்டும் தரையில் நிற்க, அவர் மட்டும் ஒரு முழம் மேலே போனார்.

"விட்டுருங்கய்யா!"

விட்டார். கூரை சுவரைத் தாண்டி, மணலைத் தாண்டி, கடலில் இறங்கி, வெள்ளையாய், நிதானமாய், கிழக்கே போனது. நான் பார்த்த கலங்களிலேயே அழகானது அதுதான்.

"வேலைக்குச் சேருமுன்னயே கூரையப் பறக்க விட்டுட்டாரே! இந்த ஆளு பிள்ளைகள என்ன செய்வாரோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணாச்சியின் மனைவி ரெஜினா அக்கா. நாலு பேர் வள்ளத்தைத் தள்ளி, கூரையைத் துரத்தித் துடுப்புப் போட்டார்கள்.

எங்கள் வீட்டில் எனக்கு இன்றுவரை கயிற்றைத் தொட அனுமதி இல்லை. பேத்திக்குத் தொட்டில் கட்டிய அன்று, "முதல்ல அப்பாவ வெளிய அனுப்புங்க" என்றாள் மகள்.

அன்று, ஜீப்பில் ஏறிய ஆய்வாளரிடம் கும்பிட்டபடி கேட்டேன். "சார், அனுமதி...?"

அவர் கடலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கூரை இருக்குன்னு எழுதிட்டேன். எங்க இருக்குன்னு படிவத்துல கேக்கல."