டாக்குரியா பாலத்தில் ஏற மறுத்த ஸ்கூட்டர்

இந்த விவரத்தை நாலு வருஷமாக நானே முழுசாக நம்பவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டின் அதிகாரபூர்வமான வரலாறு இதுதான்: "கிருஷ்ணமூர்த்திக்கு ஸ்கூட்டர் பெல்ட் மாட்டத் தெரியாது. திசை மாற்றி மாட்டிவிட்டார்." கிருஷ்ணமூர்த்தி நான்தான். எனக்குச் சொன்னவள் என் மனைவி வாசுகி. அவளுக்குச் சொன்னவன் மெக்கானிக் பாபுவாம். என் காதால் நான் கேட்கவில்லை.

என் தொழிலைச் சொன்னால்தான் என் வலி புரியும். பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் என்று ஒரு வண்டி. அது மக்கர் செய்தால் கனடாக்காரர்கள் போன் போடுவார்கள். கல்கத்தாவில் நான் எடுப்பேன். பனியை நான் பார்த்தது எங்கள் ஃப்ரிட்ஜுக்குள் மட்டும்தான். ஆனால் இன்ஜினின் வேகத்தை வண்டிக்குக் கொண்டுபோகிற கிளட்ச், பெல்ட் இரண்டிலும் எனக்குத் தெரியாத வியாதி கிடையாது. இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லையா? பெல்ட் வழுக்குகிறது. நிற்க வேண்டிய வண்டி தானாக ஊர்கிறதா? பெல்ட் ரொம்ப இறுக்கம். ஒரு பக்கம் மட்டும் தேய்கிறதா? பெல்ட் சுற்றி ஓடும் இரண்டு புல்லியும் நேர்க்கோட்டில் இல்லை.

ஊரடங்கு நாட்களில் சாப்பாட்டு மேஜைதான் என் ஆபீஸ். அங்கே சாயங்காலம், இங்கே காலை. எதிரே வாசுகி பீன்ஸ் நறுக்குவாள். நான் கத்துகிற கத்தலுக்குப் போனே தேவையில்லை, கனடாவுக்கு நேராகவே கேட்கும் என்பாள்.

ஊரடங்கு முடிந்தது. அலிப்பூரில் அவள் ஆபீஸ் திறந்தது. எங்கள் ஸ்கூட்டரின் பெல்ட் அறுந்தது. மூன்றும் ஒரே வாரத்தில்.

"ஏங்க, ரெண்டு பஸ் மாறிப் போறேன். பாபுகிட்ட விட்டு பெல்ட்டை மாத்திக் குடுங்க. இனிமே வண்டிய நான் எடுத்துக்கறேன்."

"இந்த ஊர் டிராஃபிக்லயா? நீயா?"

"நீங்களே ஓட்டலியா?"

"வாசுகி, வண்டியோட ஒரு புரிதல் வேணும். அதுக்கும் எனக்கும் ஒரு உறவு இருக்கு."

"அதான் அறுத்துக்கிட்டுதா?"

எனக்கு ரோஷம் வந்தது. ஸ்கூட்டரும் ஸ்னோமொபைலும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், உள்ளே ஒரே மாதிரி பெல்ட், ஒரே மாதிரி கிளட்ச் என்று விளக்கினேன்.

"பாபு எதுக்கு? நானே மாட்டறேன். மாட்டிட்டா நீ இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது."

"மாட்டலைன்னா?"

"சாவி உனக்கு."

"சும்மா தெருவுல ஓட்டிக் காட்டினா ஒத்துக்க மாட்டேன். டாக்குரியா பாலம் ஏறணும். நான் பின்னாடி உக்காருவேன்."

"நீ உக்காரு, உன் ஹேண்ட்பேக்கும் உக்காரட்டும். ஏத்தறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மூடியைக் கழற்றினேன். பழைய பெல்ட்டின் துணுக்குகளைத் துடைத்தேன். புது பெல்ட்டின் அம்புக்குறியை மூன்று முறை பார்த்து மாட்டினேன். மூடி போடுவதுதான் பாக்கி. அப்போது வாசுகி வந்தாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கிற நாள். தலையில் எண்ணெய், கையில் கிண்ணம்.

"காபி மேஜை மேல இருக்கு, ஆறிடப் போகுது. போய்க் குடிச்சுட்டு வாங்க. நான் நிக்கறேன்."

"நீ எதுக்கு நிக்கணும்?"

"காக்கா வந்து ஸ்க்ரூவைத் தூக்கிட்டுப் போயிட்டா?"

என்ன அக்கறை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காபியில் அன்று சர்க்கரை கூட ஒரு ஸ்பூன் அதிகம்.

திரும்பி வந்து மூடியை மாட்டினேன். கிளம்பினோம். பாலத்தின் பாதி வரைக்கும் நான் உலகத்தின் ராஜா. அதற்கப்புறம் இன்ஜின் அலறியது. வண்டி நகரவில்லை. பின்னால் மினிபஸ் கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டித் தட்டி என் குடும்பத்தை விசாரித்தான். புகை வந்தது. ரப்பர் கருகும் நாற்றம். கூடவே தேங்காய் எண்ணெய் வாசனை.

"தலைக்கு ஏன் இவ்வளவு எண்ணெய் வைக்கிற? மூச்சு முட்டுது" என்று எரிந்து விழுந்தேன்.

"அடுத்த வாரம் கொறைச்சுக்கறேங்க" என்றாள், அவ்வளவு பணிவாக.

தள்ளிக்கொண்டே பாலத்துக்குக் கீழே பாபுவின் கடைக்குப் போனோம். அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நான் டீக்கடையில் நின்றுகொண்டேன். வாசுகி போய்ப் பேசினாள். பாபு "பௌதி, பௌதி" என்று, அதாவது அண்ணி அண்ணி என்று, சிரிப்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்தவள் தீர்ப்பைச் சொன்னாள். பெல்ட் உல்டா. சாவியைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து மனசு அரிக்கிறது. பெல்ட் திரும்பியிருந்தால் சீக்கிரம் தேயும். முதல் நாளே வழுக்காது. கனடாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். இல்லை, எனக்குத்தான் தெரியாதோ? அப்படியென்றால் என் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் பனியில் நடந்து வீடு போனார்களோ? ஒவ்வொரு போனுக்கும் "நான் சொல்வது சரியென்றுதான் நினைக்கிறேன்" என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். மேலதிகாரி கூப்பிட்டு, தன்னம்பிக்கைப் பயிற்சிக்கு அனுப்பினார்.

போன வாரம் கீழ்வீட்டு ரோஹிணிதி (இந்த ஊரில் 'தி' என்றால் அக்கா) புது ஸ்கூட்டர் வாங்கினாள். ஏதோ கிறீச்சிடுகிறது என்று கடுகெண்ணெய்ப் புட்டியோடு வண்டியருகே குனிந்தாள். எங்கள் பால்கனியிலிருந்து வாசுகி வங்காள மொழியில் அலறினாள்:

"ஐயோ ரோஹிணிதி, வேண்டாம்! பெல்ட்டில் எண்ணெய் படவே கூடாது. அரை ஸ்பூன் போதும், அப்புறம் பாலம் ஏறாது!"

என் கையிலிருந்த பேப்பர் நழுவியது. பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது என்று கனடாவுக்கு நான்தான் தினமும் கத்தினேன். சரி. ஆனால் அரை ஸ்பூன்? எங்கள் கம்பெனியின் எந்தக் கையேட்டிலும் ஸ்பூன் கணக்கு கிடையாது. பாலமும் கிடையாது. இந்தக் கட்டடத்தில் மற்ற எல்லா வீட்டிலும் கடுகெண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் எங்கள் வீட்டில் மட்டும்தான்.

இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் காலை ஆபீஸ் பையோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவள் ஹெல்மெட்டும் கையுமாக வந்தாள். வெளியே கொட்டுகிற மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர், முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"வாசுகி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நாலு வருஷமா மனசுல இருக்கு."

அவள் சாவியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். என்னைப் பார்த்தாள். மழையைப் பார்த்தாள்.

"கேளுங்க. நல்லா யோசிச்சுக் கேளுங்க."

யோசித்தேன். கேட்டேன்.

"போற வழியில என்னை ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடறியா?"