பன்னிரண்டு விளக்குகளும் ஒரு கொக்கியும்

எனக்கு மின்சாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கூரையைப் பற்றி அதைவிடக் குறைவாகத் தெரியும். இருபத்தேழாவது வயதில் இந்த இரண்டு அறியாமைகளையும் சேர்த்து ஒரு முடிவெடுத்தேன். அதன் பலனாக, தங்கை மகளுக்குத் தொட்டில் போடும் நாளில் பட்டுச் சட்டையும் ஜரிகை வேட்டியுமாக, ஒரு கையைக் கூரைக்குள் விட்டுக்கொண்டு சம்பந்தி வீட்டாரை வரவேற்ற ஒரே தாய்மாமன் என்ற பெருமை எனக்குக் கிடைத்தது. (மரக்காணம் வட்டாரத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன். வெளியூர்களில் விசாரிக்கவில்லை.)

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் ஈசல்.

தங்கை கலாவைப் புதுச்சேரியில் கொடுத்திருந்தோம். 2004 தீபாவளி அவளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளையோடு அவருடைய அம்மாவும் வந்திருந்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அப்போது எங்கள் கூடத்தில் ஒயரில் தொங்கும் இரண்டு விளக்குகள் இருந்தன, அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்தவை. ஒன்று சுவரோரம். இன்னொன்று கூடத்து நடுவில், நானும் கலாவும் கைக்குழந்தைகளாக இருந்தபோது தூளி கட்டிய கொக்கியில். நாங்கள் வளர்ந்த பிறகு சும்மா இருந்த கொக்கிக்கு அப்பா ஒரு விளக்கை மாட்டிவிட்டிருந்தார்.

அன்று மழை விட்டதும் ஈசல் கிளம்பியது. அத்தை பாயச டம்ளரைக் கையில் வாங்கிய நேரம் பார்த்து, நடு விளக்கின் கிண்ணத்திலிருந்து ஒன்று நேராக அதற்குள் இறங்கியது. அவர் ஒரு முறை மேலே பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கலாவின் முகம் சுண்டிப் போனது.

அத்தை அதிகம் பேசாதவர். பேசாத மனிதர்களிடம் எனக்கு எப்போதும் பயம். அவர்கள் பேசாமல் விட்டதையெல்லாம் நானே பேசிக்கொள்வேன். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த ஒரு பார்வைக்கு மாதக்கணக்கில் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். ‘இந்த வீட்டிலா பெண்ணெடுத்தோம்’ என்பதுதான் அதில் ஆக மென்மையான வசனம். அப்பா இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. வீட்டு ஆண்பிள்ளை என்று இருப்பவன் நான். எங்கள் வீட்டைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தால், புதுச்சேரியில் அதைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நிற்கப் போகிறவள் கலா. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் கலா உண்டானாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். குழந்தை பிறந்த பதினாறாம் நாள் தொட்டில் போட சம்பந்தி வீட்டார் எல்லோரும் வருவார்கள். அதற்குள் எங்கள் கூடத்தில் ஈசல் உட்கார ஓர் இடம்கூட இருக்கக் கூடாது என்று தீர்மானித்தேன்.

அதற்கு வழி புதுச்சேரி நகைக்கடை ஒன்றில் கிடைத்தது. வளைகாப்புக்கு வெள்ளிக் காப்பு எடுக்கப் போனோம். அம்மா காப்பைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே விளக்கு என்று ஒன்று தொங்கவே இல்லை. கூரையோடு கூரையாக வட்ட வட்டமாகப் புதைந்திருந்தன. வெளிச்சம் மட்டும் கீழே வந்தது. அந்த வெளிச்சத்தில் அம்மாவே பணக்கார வீட்டு அம்மா போலத் தெரிந்தார்.

விசாரித்ததில் பெரிய முதலியார்சாவடி கலியமூர்த்தி அந்த வேலை செய்வதாகத் தெரிந்தது. அவர் வந்து கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“தம்பி, இது காங்கிரீட் தளம். இதத் தோண்டி விளக்குப் பொதைக்க முடியாது. ஒரு அடி கீழ ஃபால்ஸ் சீலிங் அடிக்கணும், மாவுப் பலகை மாதிரி. அதுல ஓட்டை போட்டு விளக்க சொருகிடலாம்.”

“எத்தனை விளக்கு?”

“ஆறு போதுங்க.”

“பன்னெண்டு போடுங்க” என்றேன். (நகைக்கடையில் இருபத்து நாலு இருந்தன. நான் அடக்கமாகப் பாதியோடு நின்றேன்.)

“உங்க ஊர் உப்புக் காத்துக்கு இது எத்தினி நாள் தாங்கும்னு தெரியலிங்க. ஈரம் இழுக்கும். அப்பறம், நடுவுல ஒரு கொக்கி இருக்குதே, அதுக்கு வழி விடட்டுமா?”

“ஒண்ணும் வெளிய தெரியக் கூடாது. வழவழன்னு இருக்கணும்.”

அம்மாவும் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். “டேய் சரவணா, அந்தக் கொக்கிய மட்டும் மூடிடாதடா.”

“சரிம்மா” என்றேன். அம்மா எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமலேயே ‘சரிம்மா’ சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றும் அதைத்தான் சொன்னேன்.

ஆடி மாதத்தில் வேலை முடிந்தது. பன்னிரண்டு விளக்கையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “நல்லாத்தான்டா இருக்குது, ஆனா வடை சுடற மாதிரி காயுது” என்றார். அது உண்மை. எல்லாம் ஹாலோஜன் பல்புகள். கூரையும் ஓர் அடி கீழே வந்துவிட்டதால், அதற்கடியில் உட்கார்ந்தவர்கள் கால் மணி நேரத்தில் வேர்த்து எழுந்துவிடுவார்கள். ஆகவே நாங்கள் சுவரில் ஒரு டியூப் லைட்டை மாட்டிக்கொண்டு அதில் குடித்தனம் நடத்தினோம். பன்னிரண்டு விளக்குகளும் விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. நான் அப்போது ஓர் உப்பு வியாபாரியிடம் லாரிகளுக்கு லோடு சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர்களைக்கூட வீட்டுக்குக் கூட்டி வந்து ஸ்விட்சைப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

புரட்டாசியில் கலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் வாங்குவது தாய்மாமன் கடமை. தேக்கில் செய்து, நாலு மூலைக்கும் பித்தளைச் சங்கிலி கோத்த தொட்டில் ஒன்றை வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைத் தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டேன். இது எதில் தொங்கப் போகிறது என்ற கேள்வி, பி.காம். படித்த என் மண்டையில் ஒரு தடவைகூட எழவில்லை.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குகிறது, அதற்குள் குழந்தையைத் தொட்டிலில் போட வேண்டும். பத்தரை மணிக்கு அம்மா மாவிலைத் தோரணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

“அவங்க வர்ற நேரம் ஆயிடுச்சு. தொட்டில மாட்டிடுடா.”

நான் சங்கிலியை எடுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

“கொக்கி எங்கம்மா?” என்றேன். இதை நான்தான் அம்மாவிடம் கேட்டேன் என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

“நீதானே வெச்சே? இந்த வட்டத்துல ஏதோ ஒண்ணுதான் அதுக்கு மூடின்னு நான் நெனச்சினு இருந்தேன். தொறந்தா கொக்கி வரும்னு.”

இரண்டு மாதமாக அம்மா என்னை அவ்வளவு கெட்டிக்காரனாக நினைத்திருக்கிறார். குழந்தையை மடியில் வைத்திருந்த கலா என்னைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். தீபாவளியன்று பார்த்த அதே சுண்டிய முகம். ஃபேனைக் கழற்றிவிட்டு அதில் மாட்டலாமா என்றால், ஃபேன் கொக்கியும் அந்த மாவுப் பலகைக்கு மேலேதான் இருந்தது.

ஒரு யோசனை வந்தது. (என் யோசனைகள் எல்லாம் இப்படித்தான், அவசரத்தில் வரும்.) நடுவில் இருக்கும் விளக்கைக் கழற்றினால் நாலு அங்குல ஓட்டை கிடைக்கும். கையை விட்டுக் கொக்கியைப் பிடித்து, ஒரு கயிற்றை அதில் கோத்துக் கீழே இழுத்துவிட்டால், தொட்டிலை அதில் கட்டிவிடலாம். மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்டூல் மேல் ஏறினேன். உப்புக் காற்றில் விளக்கின் ஸ்பிரிங் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்தெடுத்து, கையை முழங்கைக்கு மேல் வரை உள்ளே விட்டேன். விரல் நுனியில் கொக்கி தட்டுப்பட்டது. ஐயோ, அந்தச் சந்தோஷம். இன்னும் கொஞ்சம் எக்கினேன். உள்ளே கூரையைத் தாங்கும் கம்பி ஒன்றில் என் கைக்கடிகாரம் மாட்டிக்கொண்டது. கை மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

வாசலில் வேன் வந்து நின்றது.

பதினோரு பேர் இறங்கினார்கள். வரிசையாகத் தட்டுகளோடு உள்ளே வந்தவர்கள், வரிசையாகவே நின்றார்கள். முதலில் அத்தை. எனக்கு மீதி இருந்தது ஒரு கை. அந்தக் கையால்தான் எக்கியதில் தளர்ந்துபோன வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வணக்கம் சொன்னால் வேட்டி போகும், வேட்டியைப் பிடித்தால் மரியாதை போகும். தலையை மட்டும் ஆட்டி, “வாங்கத்தை” என்றேன்.

அத்தை என்னையும் ஸ்டூலையும் கூரையையும் நிதானமாகப் பார்த்தார். “ஏம்பா, மேல இன்னா தேடுற?”

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், உண்மைதான் வந்தது. “கொக்கிய மூடிட்டேன் அத்தை. தொட்டில் மாட்ட வழியில்ல.”

எவரோ ஒருவர் பின்னாலிருந்து, “கம்பி ஸ்டாண்டு ஏதாச்சும் கெடைக்குமா பாருங்களேன்” என்றார். அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பட்டுப் புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

“மணி பதினொண்ணே கால் ஆவுது. கலா, புள்ளயத் தூக்கினு உள்ள போ. சம்மந்தி, வீட்ல ஒலக்க இருக்குதா?”

அம்மா உலக்கையைக் கொண்டு வந்தார். அத்தை அதை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். “அவன் கையச் சுத்தி இடிடா. கைமேல பட்டுடப் போவுது, பாத்து.”

மாப்பிள்ளை அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் சாதுவான மனிதர். முதல் இடி மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. “இன்னும் கொஞ்சம் பலமா இடிடா, சாப்டல?” என்றார் அத்தை. இரண்டாவது இடிக்கு, மழைக்கால ஈரம் குடித்து ஊறியிருந்த கூரை அப்படியே ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து என் தலைமேல் இறங்கியது. மூன்று விளக்குகள் ஒயரில் தொங்கின. கை விடுபட்டது. நான் ஸ்டூலிலிருந்து தரையில் உட்கார்ந்தபோது, தலை முதல் கால் வரை வெள்ளையாக, உப்பளத்தில் உருண்டு எழுந்தவன் போல இருந்தேன்.

தூசி அடங்கியதும் மேலே கொக்கி தெரிந்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கலா சிரிக்க ஆரம்பித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அண்ணா, போதும்ணா, சிரிக்க வெக்காதே” என்றாள். நான் ஒன்றுமே செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பெண்கள் பெருக்கித் துடைத்தார்கள். சங்கிலியை அத்தை கீழே இருந்து எடுத்துக் கொடுக்க நான் மேலே மாட்டினேன். முதலில் குழவிக் கல்லைத் தொட்டிலில் வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். கொக்கி அசையவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குழந்தையை வாங்கி நானே தொட்டிலில் போட்டேன். அது ஒரு தும்மல் தும்மிவிட்டுத் தூங்கிப் போனது.

சாப்பாட்டுப் பந்தியில் கலா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அத்தையிடம் சொன்னாள். “அண்ணன வெய்யாதீங்க அத்தை. தீபாவளிக்கு உங்க பாயசத்துல ஈசல் விழுந்துச்சே, அதுக்குத்தான் இதெல்லாம் பண்ணுச்சு.”

அத்தை சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “எந்த ஈசல்?”

“விழுந்துச்சே அத்தை. நீங்ககூடக் குடிக்காம வெச்சிட்டீங்களே” என்றேன் நான்.

“எனக்கு சுகர்ப்பா. டாக்டர் இனிப்பத் தொடக் கூடாதுன்னுட்டாரு. உங்கம்மா மனசு கஷ்டப்படுமேன்னு கையில வாங்கினேன். எப்படிடா கீழ வெக்கிறதுன்னு முழிச்சினு இருந்தேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஈசல் விழுந்திருந்தா நல்லதாப் போச்சுன்னு நெனச்சிருப்பேன்.”

பதினோரு மாதம் அந்தப் பார்வைக்கு நான் எழுதிய வசனங்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடிபட்டுப் போயின. ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

அந்த ஓட்டையை நாங்கள் அடைக்கவில்லை. அடுத்த மழைக்கு மீதிக் கூரையும் தவணை முறையில் இறங்கியது. மிஞ்சிய விளக்குகளை அனுமந்தையில் ஒருவர் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டக் கேட்டு வாங்கிப் போனார். அங்கே நன்றாகப் பயன்பட்டதாகக் கேள்வி.

2006இல் எனக்குப் பெண் பார்த்தார்கள். திண்டிவனம் பக்கம். பெண்ணின் அப்பாவுக்கு அத்தை தூரத்துச் சொந்தம். பையன் எப்படி என்று அவர் புதுச்சேரிக்கே போய் அத்தையிடம் விசாரித்திருக்கிறார். அதிகம் பேசாத அத்தை அன்று இரண்டு வாக்கியம் பேசினாராம். “பையனுக்கு அறிவு கொஞ்சம் கம்மிதான். ஆனா கூடப் பொறந்தவ தல குனியக் கூடாதுன்னு கூரையவே மாத்தினவன், நம்பிக் குடுங்க.”

கொடுத்தார்கள். அந்தப் பெண்தான் என் மனைவி. இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் நாலு பேர் கூடிய இடத்தில் அத்தை கொடுத்த சான்றிதழை அவள் எடுத்துச் சொல்லாமல் இருப்பதில்லை. முதல் வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். அவளும் அதோடு நிறுத்திவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறாள். இரண்டாவது வாக்கியத்தை ஒவ்வொரு தடவையும் நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.