கதிரேசுவின் இரண்டு கோடுகள்

கார் சாவி அரிசி டின்னுக்குள் கிடந்தது. கதிரேசு அதை எடுத்து ஊதிவிட்டு, வரைபடத் தாளில் புள்ளியை ஒரு படி கீழே இறக்கினார்.

மனிதர் புள்ளிவிவர இலாகாவில் முப்பத்தொரு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். போன மாதம் இரண்டு தடவை மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தார். உடனே சிங்கப்பூரில் இருக்கும் மகன் தயானந்தன் ஆரம்பித்துவிட்டான்.

"மறதி வந்தாச்சுப்பா. இனி கார் ஓட்ட வேணாம். தெப்ராவ்ல இருக்கற வீட்ட வித்துட்டு எங்கூட வந்துடுங்க."

"ரெண்டு தடவைய வெச்சு முடிவு பண்ணுவாங்களாடா? தினம் ஒண்ணா சோதிக்கிறேன். எத்தன நாளுன்னு இப்ப சொல்ல மாட்டேன். சாட்சி போதும்னு வர்ற அன்னிக்கு நிறுத்திடுவேன்."

முறை இதுதான். மாலையில் ஒரு பொருளை ஓர் இடத்தில் வைப்பார். மறுநாள் காலை நடந்துவிட்டு வந்து அங்கே பார்ப்பார். இருந்தால் புள்ளி ஏறும், இல்லாவிட்டால் இறங்கும். தாளில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. மேல்கோட்டைத் தொட்டால் காரும் வீடும் அவருக்கு. கீழ்க்கோட்டைத் தொட்டால் மகன் சொன்னபடி. நடுவில் நிற்கும்வரை சோதனை தொடரும்.

"பாக்கியம், சாவிய நான் எங்க வெச்சேன்?"

"சாமி மேடையிலதான வெச்சீங்க. நான் பாத்தேனே," என்றாள் மனைவி அன்னபாக்கியம்.

"அப்ப அரிசிக்குள்ள எப்படிப் போச்சு?"

"வயசாகுதுல்ல, விடுங்கலா."

இடத்தை எழுதிவைத்தார். மறுநாள் எழுதிய தாளையும் காணோம். ஒரே காலையில் இரண்டு படி போயிற்று. பெட்டிகளில் பெயர் ஒட்டினார். 'கண்ணாடி' என்று ஒட்டிய பெட்டியில் டிவி ரிமோட் இருந்தது. கண்ணாடி ஐஸ்பெட்டியில் தக்காளிக்குப் பக்கத்தில் குளிர்ந்துகொண்டிருந்தது. வாய் கசக்க வல்லாரைக் கீரை தின்றும் பார்த்தார்.

பத்தாம் நாள் அன்னபாக்கியம் டீ கொண்டுவந்தாள்.

"இப்பதான குடிச்சேன்?"

"எப்ப குடிச்சீங்க? இப்பதான் மொத மொத போட்டுக் கொண்டாறேன்."

சோதனைத் திட்டத்தில் டீ இல்லை. ஆனாலும் குடிக்காத டீயைக் குடித்ததாக நினைப்பதும் மறதிதானே. நேர்மையான மனிதர், அரைப் படி இறக்கிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் புள்ளி கீழ்க்கோட்டைத் தொட்டது. இன்னும் ஒரே ஒரு நாள் பார்த்தால் என்ன என்று மனசு கெஞ்சியது. கோட்டைத் தொட்ட பிறகும் நீட்டினால் அது சோதனை இல்லை, வெறும் ஆசை. இலாகாவில் இதை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். மகனுக்குப் போன் போட்டார்.

சனிக்கிழமை தயானந்தன் வந்தான். கதிரேசு கார் சாவியை அவனிடம் நீட்டினார்.

"நீ சொன்னதுதான்டா சரி. ஆனா பயமில்ல. நான் மறந்தாலும் ஞாபகப்படுத்த உங்கம்மா இருக்கா."

தினமும் காலையில் வீடு கூட்ட வரும் கருப்பாயி, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அன்னபாக்கியம் அடுப்படியில் இருந்தாள். கருப்பாயி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தம்பி, நீங்க வந்ததும் சொல்லணும்னு இருந்தேன். ஐயா நடக்கப் போனதும் அம்மாதான் எல்லாத்தையும் எடுத்து எங்கயாச்சும் வெக்கிறாங்க. ஏம்மான்னு கேட்டா, நான் தொடவே இல்லியேன்னு முழிக்கிறாங்க."